காக்கா கொடுத்துவிட்ட ஹார்டு டிஸ்க்

குளியல் சோப்பைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு உடம்பு, ஒரு முனையில் வயர் சொருக ஒரு சின்ன வாய். அதைப் பழைய கைலித் துணியில் சுற்றி, நான்கு பக்கமும் ஊசிநூலால் தைத்து, என் கட்டில்மேல் வைத்தார் காக்கா. “இத உங்க மதினி கையில குடுத்துருங்க தம்பி. வேற யாருட்டயும் குடுத்துராதீங்க” என்றார். எடுத்துக் கையில் வைத்ததுமே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நான் ஏசி மெக்கானிக். எங்கள் அறையின் ஏசி என் கைப்பட சர்வீஸ் ஆனது, மீன் விறைக்கிற குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. வியர்க்க நியாயமே இல்லை. ஆனால் பயம் வந்தால் எனக்கு முதலில் வியர்ப்பது உள்ளங்கை, அடுத்து நிற்காமல் ஓடுவது வாய். மூளை வேலைக்கு வருவதற்குள் இரண்டும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

வளைகுடாவில் அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எல்லாரும் ராமநாதபுரம் மாவட்டம். ஆறு பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். உள்ளே தள்ளி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டிலிருந்து போனவர்கள் இரண்டு பேர், அதில் நான் ஒருவன். காக்காவுக்குப் புதுமடம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அறையில் மூத்தவர் என்பதால் எல்லாருக்குமே அவர் காக்கா ஆகிவிட்டார். அறைக்கு ஒரு சட்டம் இருந்தது, அதைப் போட்டவரும் அவர்தான். யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுக்குச் சாமான் கொடுத்துவிடுவார்கள் அல்லவா, அந்தச் சாமானையெல்லாம் போகிறவனின் கட்டிலில் பரப்ப வேண்டும். அவன் ஒவ்வொன்றாகச் சோதிப்பான். பால்மாவு டின்னைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பான். சோப்பை மோந்து பார்ப்பான். சேலை மடிப்பை உதறுவான். தைலப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து திரும்ப மூடுவான். அதன் பிறகு அவனே தன் கையால் துணியில் சுற்றித் தைப்பான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. யாரோ கொடுத்துவிட்ட பொட்டலத்தில் யாருக்கோ உரிய மாத்திரை இருந்து, எங்கள் ஆள் ஒருவன் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பதில் சொன்ன பிறகு வந்த சட்டம் அது.

சட்டம் போட்ட மனுசனே தைத்துக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? “காக்கா, நம்ம சட்டம்...” என்று இழுத்தேன். அவர் சிரித்தபடி கத்தரியால் ஒரு பக்கத் தையலை வெட்டி எடுத்துக் காட்டினார். “பாத்துக்கங்க.” பார்த்தேன். குலுக்கினேன், சத்தமில்லை. மோந்தேன், பிளாஸ்டிக் வாசம். “உள்ள என்ன காக்கா இருக்கு?” என்றேன். “பழைய சாமான்” என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எட்டு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்த மனுசன் ஒரு கேள்விக்குக் காலண்டரைப் பார்த்தால், கேட்டவனுக்கு என்ன தோன்றும்?

எனக்கு அவர்மேல் சந்தேகம் அன்றைக்கு முளைத்ததல்ல. ஆபீஸ் மெஷின்கள் விற்கும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்கீப்பர். கம்பெனி கழித்துப் போடுவதெல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் வந்து குடியேறும். எல்லாவற்றிலும் பழசு, தையல் மெஷின் பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மேலே கைப்பிடி, மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, அதில் பச்சை எழுத்து. “இதத்தான் கையில தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்னு வித்தான். தூக்குனவனுக்குக் கைதான் நீண்டுபோச்சு” என்பார். அதற்கடுத்து வந்தது மடக்குகிற லேப்டாப். செங்கல் கனம், பேட்டரி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதைவிட மெல்லிசாக இன்னொன்று. அதற்கடுத்து மடியில் வைத்தால் தொடை வெந்துபோகிற மாதிரி ஒன்று. கூடவே சேமித்து வைக்கிற சமாசாரங்களும் மாறிக்கொண்டே வந்தன. அப்பளம் போல வளைகிற பெரிய ஃபிளாப்பி, சட்டைப் பையில் அடங்குகிற கெட்டி ஃபிளாப்பி, அப்புறம் சிடி, கடைசியாக இந்த ஹார்டு டிஸ்க். ஒன்று கடையில் கிடைக்காமல் போகும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்ததும், உள்ளே இருப்பதை அடுத்ததற்கு மாற்றிவிடுவார். “வாடகை வீடு மாதிரிதான் தம்பி. வீட்டுக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நாமளே சாமானத் தூக்கிரணும்” என்பார்.

மாற்றுவதில் தப்பில்லை. மாற்றுகிற விதம்தான் என்னை உறுத்தியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டு, எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். யாராவது புரண்டு படுத்தால் திரையைச் சாய்த்துவிடுவார். மாற்றி முடித்ததும் பழைய சிடிகளைச் சும்மா எறிய மாட்டார். கத்தரியால் நாலாக, எட்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை இரண்டு குப்பைத் தொட்டிகளில் பிரித்துப் போடுவார். ஒரு சிடியின் பாதி இங்கே, பாதி அங்கே. நான் போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். முதலில் கெட்ட படம் என்று நினைத்தேன். ஐந்து வேளை தொழுகிற மனுசனைப் பற்றி அப்படி நினைத்ததற்கு எனக்கே வெட்கமாகி, கம்பெனி ரகசியத்தை விற்கிறார் என்று மாற்றி நினைத்தேன். பழைய மெஷின் விற்கிற கம்பெனிக்கு என்ன பெரிய ரகசியம் என்று தோன்றியதும் அதையும் விட்டுவிட்டு, இன்னும் பெரியதாக ஒன்றை நினைக்க ஆரம்பித்தேன்.

எங்கள் மாவட்டத்தில் பிறந்தவனுக்குப் பெரியதாக நினைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இலங்கை, நடுவில் ஒரு துண்டுக் கடல், கரையோரச் சாலையெங்கும் சோதனைச் சாவடி. மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரியைக்கூட நிறுத்திக் கம்பியால் குத்திப் பார்க்கிற ஊர். விமானத்தில் ஏறியதிலிருந்து என் மண்டைக்குள் கரையோர வரைபடம், படகு எண்கள், ரகசிய எழுத்து எல்லாம் ஓடின. சுங்கத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து “என்ன இது?” என்று கேட்பதற்குள்ளேயே “பாட்டு சார், பழைய பாட்டு” என்றேன். அவர் கேட்க வாயைத் திறந்தது பக்கத்தில் இருந்த குடையைப் பற்றி. நல்லவேளை, குடையோடு நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது ஒரு சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். பகல் பன்னிரண்டு மணி வெயில், அவருக்கும் அலுப்பு. என் மடியில் இருந்த பையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“என்னய்யா, கெட்டியா இருக்கு?”

“பாட்டுங்கய்யா.”

“பாட்டு என்னத்துக்குய்யா கெட்டியா இருக்கு?”

பஸ்ஸே சிரித்தது, அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மற்றவர்களுக்கு அது நகைச்சுவை. எனக்கு, முகத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்வதற்காகவே அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸுக்குப் பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது என்னைப் பின்தொடரவில்லை. ஒரு ஆட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் என் மச்சினன் இருந்தான். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, படிக்காததையும் சேர்த்துச் சொல்கிறவன். பொட்டலத்தைக் காட்டியதும் அவன் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

“மச்சான், இது ஹார்டு டிஸ்க்கு. ஒரு ஊரையே உள்ள வைக்கலாம்.”

“எந்த ஊரை?”

“அதான் தெரியலையே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா.”

“பிரவுசிங் சென்டர்ல கொண்டுபோய்ச் சொருகிப் பாத்துருவமா?”

“நல்லா இருக்கே. அங்கன பேரு, அட்ரஸ் எழுதி வாங்குவான். உள்ள இருக்குறது அவன் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கிரும். நாளைக்கு ஒண்ணுன்னா மொதக் கையெழுத்து ஒங்களுது.”

“அப்பக் கொண்டுபோய்க் குடுத்துருவோம், நமக்கெதுக்கு.”

“குடுத்த பெறகு வில்லங்கமாச்சுன்னா? கொண்டாந்தது யாருன்னு கேப்பான்ல?”

கொடுத்தாலும் மாட்டுவேன், கொடுக்காவிட்டாலும் மாட்டுவேன். இப்படி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் என்னை மாதிரி ஆளுக்கு ஒரே வழிதான் தெரியும், ஸ்குரூ டிரைவர். வாழ்நாளில் எனக்குப் புரியாத எதையும் நான் கழற்றித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். அறைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: மூடியிருந்தால் திற, திறந்து பார், திரும்ப மூடு. வாசலில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் அய்யா அதைக் கிளறிவிட்டுவிட்டு அப்போதுதான் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார். நிழலாக ஒரு ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். வெளிக்கூட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர், திறக்காதே, திறந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று. நேர்மையான சாமானுக்கு எதற்கு இந்த எச்சரிக்கை? சந்தேகம் உறுதியாயிற்று. ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்குரூவை ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்ததும், தொழில்காரன் கண்ணுக்குத் தப்புமா என்று மச்சினனைப் பெருமையாக ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

மூடி வந்துவிட்டது. உள்ளே வட்டமாக ஒரு தட்டு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதன்மேல் நாரைக் கழுத்து மாதிரி மெல்லிசாக ஒரு கை. அவ்வளவுதான். எழுத்து இல்லை, படம் இல்லை, வரைபடம் இல்லை. தட்டில் என் மூஞ்சி தெரிந்தது, கன்னத்தில் வியர்வை. குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தபோது மிளகாய் நெடி மூக்கில் ஏறி, தட்டின்மேலேயே ஒரு தும்மல் போட்டேன். மச்சினன் அவன் பங்குக்கு ஒன்று போட்டான். பதறிப்போய்க் கைலி முனையால் துடைத்தேன். துடைத்ததில் கோடு விழுந்த மாதிரி இருந்தது, அந்தக் கோட்டை அழிக்க இன்னும் நன்றாகத் துடைத்தேன். பிறகு வாயால் ஊதிவிட்டு மூடினேன். எல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்குரூ மிச்சமிருந்தது. அது சேர வேண்டிய இடம் தெரியவில்லை. “ஒண்ணு கொறைஞ்சா என்ன, ஏசிக்கு நீங்க மிச்சம் வைக்கிறது இல்லையா” என்றான் மச்சினன். அதைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைத் திரும்பவும் தைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா, மனசு லேசாக இருந்தது. அந்த ஒரு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்றைக்கு அதை நினைத்தால், இவ்வளவு முட்டாளையும் ஒரு நாடு விசா கொடுத்துக் கூப்பிட்டதே என்று ஆச்சரியமாக இருக்கிறது. இப்போது ராமநாதபுரத்தில் சொந்தமாக ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விரல் நகம் அளவு மெமரி கார்டில் அந்த டிஸ்க்கைப் போல எத்தனையோ மடங்கு அடங்கும் என்கிறார்கள். அதைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுகிறேன். காக்காவும் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு புதுமடத்துக்கே வந்துவிட்டார். போன வருஷம் அவர் மகள், போட்டோவையெல்லாம் கிளவுடில் போட்டு வைக்கலாம், கிளவுடு என்றால் மேகம் என்று விளக்கியிருக்கிறாள். “ராம்நாட்டுல பொறந்துட்டு மேகத்த நம்பச் சொல்றாளே தம்பி” என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

டிஸ்க்கைத் திறந்த மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுமடம் போய்ச் சேர்ந்தேன். காக்காவின் மகள்தான் வாசலுக்கு வந்தாள், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் புதுக் கம்ப்யூட்டர், மேலே போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் எடுக்கவில்லை. உள்கதவு ஓரத்தில் மதினி நின்றார், முக்காடும் பாதி முகமும்தான் தெரிந்தன. பொட்டலத்தை மகள் வாங்கி அவர் கையில் கொடுத்தாள். மதினி அதைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் நீட்டினார். ஒரு டிஸ்க்கை யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

மகள் வயரைச் சொருகினாள். உள்ளே கடக், கடக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் ஓய்வு, திரும்பவும் கடக், கடக். திரையில் ஒன்றும் வரவில்லை. வேறு துளையில் சொருகினாள். அதே சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஏசிக்குள் ஃபேன் இறக்கை எதிலோ இடிக்கும்போது இதே மாதிரிதான் வரும். ஒன்றுமே இல்லை என்று நான் பார்த்த அந்தத் தட்டில்தான் எல்லாமே இருந்திருக்கிறது.

“பிளேன்ல அடிபட்டிருக்கும்மா. இப்பல்லாம் பெட்டியத் தூக்கித்தான் எறியுறாய்ங்க” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மகள் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். “மாமா, இதுல ஒரு ஸ்குரூ இல்லையே” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் எட்டு வருஷம் காக்காவைப் பார்த்த பார்வை. அது நம்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதவோரத்திலிருந்து காற்று மாதிரி ஏதோ வந்தது. மதினி பேசியிருக்கிறார் என்பதே மகள் திரும்பியபோதுதான் புரிந்தது. பக்கத்தில் போய்க் காது கொடுத்துவிட்டு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “உள்ள இருக்குற பேச்ச நீங்க போட்டுக் கேட்டீங்களான்னு உம்மா கேக்குறாக.”

“என்ன பேச்சும்மா?”

அவள்தான் சொன்னாள். கல்யாணமான புதிதில் போன் வசதி கிடையாது. மதினி கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவாராம். இவளுக்கு இரண்டு வயதாகும்போது மதினிக்குத் தொண்டையில் கழலை வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அன்றிலிருந்து இந்தக் காற்றுப் பேச்சுதான். உம்மாவின் நிஜக் குரல் எப்படி இருக்கும் என்று மகளுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி இவள் கேட்கட்டும் என்றுதான் வாப்பா கொடுத்துவிட்டிருக்கிறார். “கேசட்டையும் சிடியையும் மாத்தி முடிச்சதும் வாப்பா வெட்டிருவாகளாம். எட்டு ஆம்பளைக இருக்குற ரூம்ல உம்மா பேசுனது கெடக்கக்கூடாதுன்னு. இப்ப இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

மதினி திரும்பவும் ஏதோ சொன்னார். முக்காட்டை இன்னும் முகத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். மகள் சொல்லத் தேவையில்லாமலே எனக்குப் புரிந்தது. டிஸ்க்கில் இருந்த குரல் போனதைவிட, அது அந்நிய ஆம்பளை காதில் விழுந்துவிட்டதோ என்பதுதான் அவருக்கு அப்போது பெரிதாக இருந்தது. புருஷனுக்கு மட்டும் என்று பேசியது. இனி நான் தப்பிக்கப் பார்த்தால் அந்தப் பயம் ஆயுசுக்கும் அவரோடு இருக்கும்.

பர்ஸிலிருந்து அந்த ஸ்குரூவை எடுத்துக் கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தேன். “நான் கேக்கல மதினி. திறந்தேன். பால்மாவு டின்னத் திறக்குற மாதிரி, ஸ்குரூவக் கழட்டித் திறந்தேன். வில்லங்கமான சாமானோன்னு பயந்துட்டேன். உள்ள ஒரு தட்டுதான் இருந்துச்சு. அதுல தும்முனேன். தொடச்சேன். மூடிட்டேன். ஒங்க பேச்சு யாரு காதுலயும் விழல. எம் மகமேல சத்தியமாச் சொல்றேன்.”

மதினி முக்காட்டிலிருந்து கையை எடுத்தார். அப்படியே கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மகள்தான் அழுதாள். இரண்டு பேரில் யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் காக்காவின் போன். தொழுகை முடிந்து அறைக்கு வந்திருப்பார். “கேட்டியாம்மா?” என்பது என் காதுவரை விழுந்தது. நானே போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் அறை ஏசியின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரும் கேக்கலையே?” என்றார் கடைசியில்.

“இல்ல காக்கா. மொளகாத்தூசிதான் உள்ள போயிருக்கு.”

“எங்கிட்டக் கேட்டுருக்கலாமே தம்பி.”

“கேட்டேன் காக்கா. பழைய சாமான்னீங்க.”

“அது எந் தப்புதான்” என்றார். பிறகு, “ஸ்பீக்கர்ல போட்டு அவுக பக்கத்துல வைங்க” என்றார்.

வைத்தேன். காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார். “மொதக் கேசட்டு. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கன நல்ல சுகம். நீங்க சுகமா. இது ஓடுதான்னு தெரியல, செவப்பு லைட்டு எரியுது. மாமி தண்ணிக்குப் போயிருக்காக, அதான் பேசுறேன். நீங்க வாங்கி விட்டுட்டுப் போன ஆடு குட்டி போட்டுருச்சு. மூணு குட்டி.”

கதவோரத்திலிருந்து காற்று வந்தது. “ரெண்டுதானாம் வாப்பா” என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“மூணு. ரெண்டாவது கேசட்டுலதான் ஒண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லுவா. நீ கேளு. இந்த எடத்துல சேவல் கூவும். கூவுதா? சேவலுக்காகப் பேச்ச நிப்பாட்டுவா. நிப்பாட்டிட்டுச் சிரிப்பா.” காக்கா சிரித்துக் காட்டினார், தன் கட்டைக் குரலில், ஒரு புதுப்பெண் சிரிக்கிற மாதிரி. மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். மதினி முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். காக்கா இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“தம்பி அங்கனதான் இருக்காகளா?”

“இருக்கேன் காக்கா.”

“இனி வாரது கொஞ்சம் எங்க பேச்சு தம்பி.”

“போறேன் காக்கா” என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கதவை வெளியிலிருந்து நானே சாத்தினேன். தெருவில் வெயில் கொளுத்தியது. காயப்போட்ட வலைகளைத் தாண்டிக் கரைக்குப் போய், அலைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாத தூரம் வரை நடந்தேன். திரும்பி வந்தபோது கதவு இன்னும் சாத்தியேதான் இருந்தது. உள்ளே மகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். காக்கா அவளுக்கு என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.